உடைந்த ஊசிப் பதிவேடு

பயிற்சிக்குப் போகிற மாணவர்கள் கம்பெனியில் எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று எங்கள் பாலிடெக்னிக்கில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். வகுப்பு எடுத்தவர் பிளேஸ்மென்ட் பார்க்கும் வேல்குமார் சார். தன் வாழ்நாளில் ஒரு பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவரில்லை அவர். அதனால்தானோ என்னவோ, வேலை பார்ப்பதைப் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது. கண்ணைப் பார்த்துப் பேசு, குரலைத் தாழ்த்தாதே, தப்பைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே, அந்த இடத்திலேயே சொல், கம்பெனிக்காரர்கள் தேடுவது அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் என்றார். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்பதற்கு அந்த நோட்டு இன்னும் சாட்சியாக இருக்கிறது.

என் பெயர் விஜயராணி. எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது என் அப்பாவும் அம்மாவும் இளையான்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தார்கள். வேலம்பாளையத்தில் எட்டு வீடுகள் ஒட்டி நிற்கிற ஒரு காம்பவுண்டில் ஐந்தாவது வீடு எங்களுடையது. எட்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். எட்டு வீட்டிலும் யாராவது ஒருவர் தைப்பார், ஒருவர் செக்கிங் பார்ப்பார், ஒருவர் அயர்ன் போடுவார். ஆபீஸுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் எங்கள் காம்பவுண்டில் இதுவரை ஒருவரும் இல்லை. நான் உட்கார வேண்டும் என்பது அம்மா கருத்தம்மாவின் ஆசை. என்னுடையது ஆசைகூட இல்லை, வெறி. பதினெட்டு வருஷம் நின்றபடியே செக்கிங் பார்த்து அம்மாவின் கால் நரம்புகள் எப்படி ஆகிவிட்டன என்று தினமும் பார்க்கிறவள் நான்.

வீரபாண்டிப் பக்கம் உள்ள ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குப் பயிற்சி கிடைத்தது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கிற கம்பெனி. எங்கள் கல்லூரியிலிருந்து நான்கு பேர் போனோம். முப்பது நாள் முடிந்ததும் நான்கில் ஒருவரைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக மேனேஜர் தங்கராஜ் முதல் நாளே சொல்லிவிட்டார். மற்ற மூன்று பேருக்கும் பேப்பரில் ஒரு சர்டிபிகேட்.

எங்கள் பக்கத்து வீட்டு பிரிசில்லா அக்கா அந்தக் கம்பெனியில்தான் மூன்றாவது லைனில் டெய்லர். சாத்தான்குளத்துக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஊரில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். நான் போட்டுக்கொண்டு போன கறுப்பு பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தது அக்காதான். அதைக் கொடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னாள்.

"உள்ள வந்தா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதட்டி. லைன்ல இருக்கவளுட்டப் பழக்கம்னு தெரிஞ்சா ஆபீஸ்ல உன்னைய மதிக்க மாட்டாவ."

இதைக் கேட்டு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நானே எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

முதல் நாள் வேல்குமார் சார் சொன்னபடியே எல்லாம் செய்தேன். மேனேஜர் அறைக்குள் போய் அவர் கண்ணைப் பார்த்து என் பெயரையும் படிப்பையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கூட வந்த மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கராஜ் சாருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, யாரிடமும் அதட்டிப் பேசாத குரல். "நல்லாப் பேசற கண்ணு, இப்படித்தான் இருக்கோணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே அந்த நாற்காலி என்னுடையதாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா ஆடிட்டுக்கு வரப்போவதாகச் சேதி வந்தது. ரிஜிஸ்டர்களையெல்லாம் சரிபார்த்து அடுக்கி வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்று, உடைந்த ஊசிப் பதிவேடு.

தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் உடனே மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, கொண்டுவந்து கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளை நீளமாகச் சேர்த்துவைத்து, அந்தப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதுவார்கள். ஒரு பொட்டு முனை கிடைக்காவிட்டாலும், அந்த டெய்லரைச் சுற்றி இருக்கும் துணி அத்தனையையும் ஒதுக்கிவைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். குழந்தைகள் போடுகிற உடுப்பு அது. உள்ளே முனை இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த ஊசி கொஞ்சம் உறுத்தியது. பெட்டியிலிருந்து அதே நம்பர் புது ஊசி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உடைந்த ஊசி முழு ஊசியைவிட நீளமாக இருந்தது. இரண்டு துண்டையும் சேர்த்தால் ஒரு நெல் அளவு அதிகம். எங்கேயோ, என்றோ உடைந்த வேறொரு ஊசியின் முனையை எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த ஊசியின் உண்மையான முனை எங்கே? இப்போது தைக்கிற லாட்டில் இருக்கும் பன்னிரண்டாயிரம் குழந்தை உடுப்புகளில் ஏதோ ஒன்றில்.

அதே மாதிரி இன்னும் இரண்டு பக்கங்கள் கிடைத்தன. எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். மற்ற மூன்று பேரும் பேப்பரை வெறுமனே அடுக்கிக்கொண்டிருக்க, நான் ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் எழுதியிருந்த பத்தியை நான் பார்க்கவேயில்லை. ஊசியைத்தான் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு தினசரி மீட்டிங். மேனேஜர், லைன் சூப்பர்வைசர்கள், பேக்கிங் இன்சார்ஜ் என்று எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் பதிவேட்டைத் தூக்கிக் காட்டி, புது ஊசியைப் பக்கத்தில் பிடித்து, விஷயத்தைச் சொன்னேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மூன்றாவது லைன் சூப்பர்வைசர் முருகேஷின் முகம் வெளுத்தது. மற்ற சூப்பர்வைசர்கள் தரையைப் பார்த்தார்கள். தங்கராஜ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பெயரைப் படித்தார்.

"பிரிசில்லா. இதும் பிரிசில்லா. இதும் அவளேதான்."

பெயர் எழுதியிருந்த பத்தியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இவளத் தெரியுமா கண்ணு உனக்கு?"

லைனில் பார்த்திருக்கிறேன் சார் என்றேன். பத்து வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம் என்று சொல்லவில்லை. அவள் சொன்னபடிதானே நடக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் விவரம் சொன்னாள். அந்த உடுப்பில் பட்டன் வைக்கிற பட்டியில் துணி நான்கு மடிப்பு, ஊசி அங்கேதான் உடையும். மூன்று தடவையும் முனை கிடைக்கவில்லை என்று முருகேஷிடம் உடனே சொல்லியிருக்கிறாள். லைனை நிறுத்தினால் டார்கெட் போய்விடும் என்று, தரையைக் கூட்டும்போது கிடைத்த பழைய முனைகளைப் போட்டுவைத்திருக்கும் மிட்டாய் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அவனே ஒட்டியிருக்கிறான். எல்லா லைனிலும் ஒரு டப்பா உண்டாம். மேனேஜருக்கும் தெரியுமாம். கடைசியில் பேக்கிங்கில் ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கிறதே, அது பிடித்துவிடும், நீ தை என்று முருகேஷ் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் தைத்திருக்கிறாள்.

நான் நேராக பேக்கிங்குக்குப் போனேன். அந்த மெஷினின் பெல்ட்டில் குழந்தை உடுப்புகள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. என் பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துப் பெல்ட்டில் வைத்தேன். அது உள்ளே போய் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வந்து விழுந்தது. பெல்ட் மட்டும்தான் ஓடியது, மெஷின் ஓடவில்லை. அங்கே நின்ற ஒடிசாக்காரப் பையன் இந்தியும் தமிழும் கலந்து விளக்கினான். இந்த லாட்டுக்கு வந்த பட்டன் மட்டமான இரும்பு, ஒவ்வொரு உருப்படிக்கும் மெஷின் கத்துகிறது, அதனால் இருபது நாளாக அணைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். அக்கா செய்தது தப்பு என்றால் இது அதைவிடப் பத்து மடங்கு தப்பு. சாயங்காலம் தங்கராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, நடந்ததை ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னபோது, இதுதான் சமயம் என்று நினைத்தேன். பதிவேட்டில் இருந்ததை எழுதினேன். டப்பாவைப் பற்றி எழுதினேன். பேக்கிங் மெஷின் இருபது நாளாக அணைந்திருக்கிறது, ஆகவே இந்த லாட் முழுவதையும் நிறுத்தித் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதினேன். இதைப் படித்தால் பிரிசில்லா ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

தங்கராஜ் சார் திரையில் அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு எனக்கு ஒரு டீ சொன்னார்.

"நல்லா எழுதியிருக்கற. அந்த டப்பாவும் மெசினும் மட்டும் வேண்டாங் கண்ணு. அத எடுத்துரு."

குழந்தைகள் போடுகிறது சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பிடிவாதம் வந்திருக்கும்.

"என்ர ஊட்லயும் ரெண்டு பேத்தி இருக்குதுங்க கண்ணு. எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை சரக்கு போகாட்டி இந்த வெளிநாட்டு பையர் நம்மள உட்ருவான். முன்னூத்தம்பது பேரு வேலை அது. உன்ர வேலையும் அதுலதான் இருக்குது. எம்டிகிட்ட உன்ர பேரத்தான் சொல்லி வெச்சிருக்கறேன்."

டீ வந்தது. அவர் எழுந்து, யாரையோ பார்க்கிற மாதிரி வெளியே போனார். என்னை யாரும் மிரட்டவில்லை, கையைப் பிடித்து அழுத்தவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிரின்ட் எடுத்து, கீழே விஜயராணி என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீயையும் குடித்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு பிரிசில்லா அக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் பொய்யாக ஒட்டியது அவள்தான் என்று என் ரிப்போர்ட் சொன்னது. முருகேஷ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருஷ வேலை. தங்கராஜ் சார் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், "என்ன செய்யறதுங்க, ஆடிட்டுங்க" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய வேலைநீக்கத் தாளை அவள் முன்னால் வைத்தது நான். பேனாவைக் கொடுத்ததும் நான். அவள் வாங்கி, கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்போதும் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. சொன்ன வார்த்தையைக் கடைசிவரைக்கும் காப்பாற்றியவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

ஆடிட்டுக்கு வந்த அம்மாவிடம் பேச என்னைத்தான் நிறுத்தினார்கள். நடந்த தப்பை நாங்களே கண்டுபிடித்தோம், சம்பந்தப்பட்ட டெய்லரை நீக்கிவிட்டோம், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்றேன். ஊசி மெஷின் தினமும் சோதிக்கப்படுகிறதா என்று கேட்டாள். ஆமாம் மேடம் என்று, இருபது நாளுக்கும் சேர்த்து அன்று காலை நானே நிரப்பிய தாளை நீட்டினேன். அன்றைக்குப் பட்டன் இல்லாத வேறு உடுப்பை ஓடவிட்டு மெஷினைப் போட்டுவைத்திருந்தார்கள், அது சமர்த்தாக வேலை செய்தது. இவ்வளவு வெளிப்படையான கம்பெனியை நான் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கராஜ் சார் அன்று மாலையே என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். வேல்குமார் சார் போனில் கூப்பிட்டு, அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு நீ வந்து பேச வேண்டும் என்றார்.

சனிக்கிழமை சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டாயிரமும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அம்மா குடத்தைக் கையில் திணித்து அனுப்பினாள். அக்கா அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் இனி எடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருவில், கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன பவர்டேபிள் யூனிட்டில், இன்றைக்கு வேலை உண்டு நாளைக்கு இல்லை என்கிற இடத்தில், பேசிவிட்டு வந்திருந்தாள். அதைப் பற்றி அவள் பெரிதாகப் பேசவில்லை. குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்துவிட்டு, வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அந்த மெஷின் ஓடலன்னு கடைசி நாள் பேக்கிங் பையன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ரெண்டு நாளா கண்ணு மூடலட்டி. பச்சப் பிள்ளைக்குப் போடுறது. நீ அத எழுதுனியா?"

அழுதிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். இல்லையக்கா, எழுதிவிட்டு அழித்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருப்பாள். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது.

"எழுதுனேன்க்கா. லாட்ட நிப்பாட்டிட்டாங்க. எல்லாத்தையும் திரும்பச் செக் பண்றாங்க."

அவள் கண்ணை மூடி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். முகமே மாறிவிட்டது. வேலை போனதுகூட அவளுக்கு அந்த நிமிஷத்தில் பெரிதாகத் தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். என் அம்மாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். காம்பவுண்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏக்கா கருத்தம்மா, எம் பொழப்பு போனா போகுது. உம் மவ அம்புட்டு பேரு மத்தியில உண்மைய எழுதிருக்கா. நம்மள்ல ஒருத்தி உள்ள உக்காந்தாத்தான் இதெல்லாம் நடக்கும்."

அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது வீட்டுக்காரி என் பெயரைச் சொல்லித் தன் மகளைப் படிக்கச் சொன்னாள். குடம் நிறைந்து வழிந்தது. நான் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.